பன்றி வேட்டையும் நடுவுநிலைமையும்

தமிழிலக்கியத்துள் வேட்டையை மிக விரிவாக எடுத்தோதும் பகுதிகளுள் ஒன்று பெரிய புராணத்துக் கண்ணப்ப நாயனார் வரலாறு. சேக்கிழார் பெருமான் அந்நூலைத் தில்லையில் இருந்து இயற்றினார் என்பதும், அது தில்லைக் கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறிற்று என்பதும் வழிவழி வரும் மரபு. ஆகவே, வேட்டையில் முறை எது, முறையல்லாதது எது என்னும் வினாவைச் சிதம்பரத்திலிருந்து எழுப்புவது பொருத்தமுடையதே.

இவ்வினா இன்று ஏட்டளவில் நிற்பதன்று. கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், காப்புக் காடுகளை அடுத்த புன்செய்களில் மணிலாவும் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடுவோர் காட்டுப்பன்றியின் கேட்டினை நன்கு அறிவர். ஓர் இரவிற்குள் ஒரு கூட்டம் உழுதுவிட்டது போல நிலத்தைக் கிளறிச் சென்றுவிடும். அமெரிக்க நாட்டில் இவ்விலங்கைக் குறைக்கும் பொருட்டுப் பரிசு வைத்து வேட்டைப் போட்டிகள் நடத்துகின்றனர். நம் நாட்டில் அத்தகைய போட்டிக்குச் சட்டம் இடந்தராது. எனினும், பலரும் மனமுவந்து பங்கேற்கத்தக்கதாகவும் எவருக்கும் தீங்கு இழையாததாகவும் வேட்டை விதியை வகுப்பது எங்ஙனம் என்னும் கேள்வி இரு நாட்டிற்கும் பொதுவானதே. எவ்வேட்டை விதியும் மூன்று வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். எதனைக் கொல்லலாம்? கொன்றது எவர்க்கு உரியது? யாவர் பங்கு கொள்ளலாம்? இம்மூன்றனையும் முறையே ஈண்டு ஆராய்வாம்.

1. பெயரும் பாகுபாடும்

விதி வகுப்பதற்கு முன்னர்ப் பொருளைப் பாகுபடுத்தி அறிதல் வேண்டும். தொல்காப்பியத்து மரபியல் இதற்குத் துணை செய்கின்றது. களிறு என்னும் பெயர் யானையின் ஆணுக்குச் சிறந்துரியதாயினும், கேழலாகிய பன்றியின் ஆணுக்கும் அதனை வழங்குதல் விலக்கப்படாது என்பர் தொல்காப்பியர். பன்றியின் பெண்ணினைப் பிணவு என்னும் பெயரால் வழங்குதலையும் அவர் கூறுவர். நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைப் பெயர் குருளை என வகுப்பர். ஆணும் பெண்ணும் இளையதும் தனித்தனிப் பெயர் பெற்றமையின், அவற்றைத் தனித்தனியே கருதி நடத்துதலும் இயல்வதாயிற்று. ஏனம், கேழல், பன்றி எனப் பொதுப்பெயர் பலவாக வழங்கியதும் மக்கள் இவ்விலங்கொடு நெடுநாள் பழகியமையைக் காட்டும்.

அப்பழக்கம் பெரும்பாலும் பயிர் காத்தல் பற்றியது. தினைப்புனத்தை அழிக்கும் கேழலுக்கு அஞ்சி, அது நுழையும் வழிதோறும் பெருங்கல்லால் ஆகிய அடார் என்னும் பொறியை மாட்டி வைத்தமையை மலைபடுகடாம் கூறுகின்றது. நீருண்ணும் இடத்தருகே குழி அகழ்ந்து அதனுள் ஒளிந்து, வளைந்த கோட்டினையுடைய ஏனத்தின் வரவை இரவில் வேட்டுவர் எதிர்நோக்கியிருத்தலைப் பெரும்பாணாற்றுப்படையிற் காணலாம். முன்னது உழவரின் காவல். பின்னது உணவின் பொருட்டு நிகழ்ந்த வேட்டை. இவ்விரண்டனுள் எதுவும் பரிசின் பொருட்டு நிகழ்ந்ததன்று. நோக்கம் வேறுபடின் விதியும் வேறுபடும் என்பதனை இங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும்.

2. எதனைக் கொல்லலாம்?

திண்ணனார் தம் கன்னி வேட்டைக்குப் புறப்பட்ட காலத்து, வேட்டுவர் நெடுந்தொலைவு வலை கட்டி, நாய்களை விடுத்து, பறை முழக்கி விலங்குகளை எழுப்பினர் என்று சேக்கிழார் கூறுகின்றார். கொலைக் காட்சிகளை அடுக்கிச் செல்லும் அவர், இடையே ஒரு பாட்டில் அவ்வேட்டுவர் செய்யாது விடுத்தவற்றையும் எடுத்துரைக்கின்றார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொன்று கொலையை மிகைப்படுத்தவில்லை. கருவுற்றுக் கால் தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. ஆசிரியர் இதனை அறிவுரையாகக் கூறாது வேட்டுவர்தம் வழக்கமாகவே கூறியிருத்தல் நோக்கத்தக்கது. மரபியல் வழி நோக்கின், குருளை என்னும் சொல்லுள் பன்றியின் குட்டியும் அடங்கும். எனவே பன்றியும் அவ்விலக்கினுள் இடம் பெற்றதெனக் கொள்ளலாம்.

அதே வேட்டையில் வலையறுத்து ஓடிய பன்றியொன்றைத் திண்ணனார் நாணன், காடன் என்னும் இருவரோடு நெடுந்தொலைவு துரத்திச் செல்கின்றார். அது களைத்து ஒரு மரச் சூழலின் இடையே நின்றது. அந்நிலையில் அவர் அம்பெய்து கொல்லக் கருதாமல், அணுகிச் சென்று சுரிகையால் இரு துணியாக வீழ்த்துகின்றார். எட்ட நின்று எய்வது எளிதாகவும் அதனை விடுத்தமை வீரம் பற்றியதாகலாம். விலங்கிற்கும் எதிர்த்து நிற்க ஓர் இடம் தந்தது என்று கொள்ளினும் இழுக்கில்லை.

இனி, இந்தியாவில் நிகழ்ந்த பன்றி வேட்டைப் போட்டி ஒன்றை இதனோடு ஒப்பிடுவாம். ஆங்கிலேயர் ஆட்சியில், குதிரை மீதமர்ந்து ஈட்டியாற் பன்றியைக் குத்தும் வேட்டை படைத்தலைவரிடையே பெரிதும் பரவியிருந்தது. மீரட் நகரத்து வேட்டைக் கழகத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் காதிர்க் கிண்ணம் என்னும் பெயரால் ஆண்டுதோறும் போட்டி நடத்தினர். காதிர் என்பது ஆற்றங்கரைத் தாழ்நிலத்தைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். பிற்காலத்தில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1883இல் அக்கிண்ணத்தை வென்றார். 1889இல் இவ்வேட்டை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அவர்கள் விதிப்படி பெண்பன்றியைத் துரத்துதல் ஆகாது. எழுந்து ஓடும் பன்றி வேட்டைக்குரிய வளர்ச்சியுடைய ஆண் என்பதனை நடுவர் கண்டு ஆணையிட்ட பின்னரே குதிரைகள் விரையலாம்.

இரண்டு விதிகளும் பெண்ணையும் இளையதையும் காப்பன. ஆயின் அவற்றின் கருத்து வேறு. வேட்டுவர் அடுத்த ஆண்டும் காட்டில் உணவு இருத்தல் வேண்டும் எனக் கருதினர். ஆங்கிலேயர் அடுத்த ஆண்டும் விளையாட்டு நிகழ்தல் வேண்டும் எனக் கருதினர். இனம் பெருக வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

அமெரிக்காவின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்குப் பன்றி இயற்கையாக உள்ள விலங்கன்று. 16ஆம் நூற்றாண்டில் இசுப்பானியர் கொண்டு சென்ற வளர்ப்புப் பன்றிகளும், பின்னர் வேட்டைக்கென இறக்கிய காட்டினமும் கலந்து பெருகின. அவற்றைக் குறைத்தலே நோக்கமெனின், ஈன்று பெருக்கும் பெண்ணினத்தைக் குறைத்தல் வேண்டும். அங்குள்ள போட்டிகள் பலவோ மிகுந்த எடையுள்ள ஒரு பன்றிக்கே முதற் பரிசை வைக்கின்றன. அவ்வெடை பெரும்பாலும் முதிர்ந்த ஆணுக்கே வாய்க்கும். எனவே போட்டியாளர் கொழுத்த ஆணைத் தேடி அலைவர். குட்டிகளொடு திரியும் பெண்ணினம் தப்பிவிடும். போட்டி வெற்றியாக முடியலாம். உழவன் இழப்பு முன்போலவே நிற்கும். எடைக்கு மாற்றாக எண்ணிக்கையை அளவாகக் கொள்ளும் போட்டிகள் இவ்வகையில் நோக்கத்திற்கு நெருங்கியவை.

மிசௌரி மாநிலத்தார் 2016இல் இன்னும் ஒரு படி சென்றனர். இயற்கைக் காப்புத் துறைக்கு உரிய நிலங்களில் பன்றி வேட்டையையே தடுத்தனர். வேட்டையின்பம் கருதிச் சிலர் புதிய இடங்களிற் பன்றிகளைக் கொண்டு விடுகின்றனர் என்பதும், ஒன்றிரண்டைச் சுட்டவுடன் எஞ்சிய கூட்டம் சிதறிப் பல இடங்களுக்குப் பரவுகின்றது என்பதும் அதற்குக் காட்டப்பெற்ற காரணங்கள். பங்கேற்பைப் பெருக்குதலே குறிக்கோள் ஆகிவிடின், ஒழிக்கப்பட வேண்டிய விலங்கே போற்றி வளர்க்கப்படும் முதலாகி விடும். இதனை விதி வகுப்போர் மறத்தல் கூடாது.

3. கொன்றது எவர்க்கு உரியது?

பன்றி ஒன்று, அம்பு இரண்டு. இவ்வழக்கைப் பாரதக் கதை நன்கறியும். தவமிருந்த அருச்சுனனை நோக்கிப் பன்றி வடிவில் ஓர் அசுரன் பாய, அருச்சுனன் எய்த அம்பும் வேடனாக வந்த சிவபெருமான் எய்த அம்பும் அதன் மேற் பட்டன. யாருடைய அம்பு கொன்றது என்னும் பூசலே போராக மூண்டது. வடமொழியிற் பாரவியும், தமிழில் வில்லிபுத்தூராரும் இதனைப் பாடியுள்ளனர். சமய நோக்கில் இதன் உட்பொருள் வேறு. வேட்டை நோக்கில், உரிமை பற்றிய விதியின்மையால் விளைந்த பூசல் இது எனலாம்.

காதிர்க் கிண்ணப் போட்டியாளர் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். முதலிற் குருதி காட்டிய ஈட்டிக்கே வெற்றி என்பது அவர்கள் விதி. மூவர் அல்லது நால்வர் ஒரு குழுவாகச் செல்வர்; ஒருவன் தன் ஈட்டி முனையிற் குருதியை நடுவருக்குக் காட்டுவனேல் அச்சுற்று அவனுடையது. கொன்றவன் யார் என்று ஆராய்வதினும் முதலிற் குத்தியவன் யார் என்று அறிவது எளிது. சான்றினைக் கண்ணாற் காணலாம். எனவே பூசல் குறைந்தது. ஆயினும் இவ்விதிக்கும் ஒரு குறை உண்டு. சிறு கீறலும் வெற்றியாகிவிடுவதால், கொலைத் தொழிலில் விரைவும் தூய்மையும் வேண்டும் என்னும் கருத்துப் பின்தள்ளப்பட்டு விடும்.

அமெரிக்கப் போட்டிகளில் ஓட்டம் காண நடுவர் உடன் செல்வதில்லை. எத்தனையோ குழுவினர் இரவில் வெவ்வேறிடங்களில் வேட்டையாடி, விடிந்தபின் எடை நிலையத்திற்கு வருவர். எனவே அங்கே சான்று பற்றிய ஐயம் பெரிது. குறித்த காலத்திற்கு முன்னரே பிடித்து வைத்திருந்ததோ, பட்டியில் வளர்த்ததோ, வேறொருவரிடம் விலைக்குப் பெற்றதோ என்று ஆராய வேண்டியுள்ளது. அதன் பொருட்டே பரிசுத் தொகை பெரிதாக உள்ள வேட்டைப் போட்டிகள் சிலவற்றில் வென்றோரைப் பொய்யறி கருவிச் சோதனைக்கும் உட்படுத்துகின்றனர். பரிசு பெரிதாகுந்தோறும் ஐயமும் பெரிதாகும். ஐயம் பெரிதாகுந்தோறும் நேர்மையாளர் ஒதுங்குவர். ஆகவே, பரிசைப் பெருக்குவதினும் அதனைப் பலவாகப் பகிர்ந்து வைத்தலே மிகுந்த பேரை ஈர்க்கும் என்பது எம் கருத்து. முதல்வன் ஒருவனுக்கே எல்லாம் என்னும் போட்டியில், வெல்ல இயலாது என்று அறிந்த எளியோர் நுழைவுக் கட்டணம் செலுத்த முன்வருவது அரிது.

பகிர்வு பற்றிச் சங்க நூல் கூறுவது யாது? புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் வேட்டை பலரும் அறிந்தது. ஓர் அம்பே யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றையும் ஊடுருவிச் சென்றதாகப் புலவர் பாடுகின்றார். அம்பின் திறத்தினும் அடுத்து நிகழ்ந்தது நம் பொருளுக்கு இன்றியமையாதது. வழியில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்திற்கு அவன் தன் வேட்டைப் பொருளாகிய ஊனையும் தேனையும் பொன்னையும் வழங்கினான். வேட்டையில் அம்பு எய்யாதவர்க்கும் அங்கே பங்கு உண்டு.

4. யாவர் பங்கு கொள்ளலாம்?

பங்கேற்பு என்னும் சொல்லையே நோக்குவாம். பங்கினை ஏற்றல் என்பது அதன் பொருள். பங்கு இல்லாத இடத்தில் பங்கேற்பும் இராது. சொல்லிலேயே அமைந்துள்ள இவ்வுண்மையை விதி வகுப்போர் பெரும்பாலும் காண்பதில்லை.

காதிர்க் கிண்ணத்தின் விதிகள் போட்டியாளருக்கிடையே நடுவுநிலை பிறழாதவை. ஆனால் போட்டியாளர் யாவர்? நல்ல குதிரை வைத்துக்கொள்ளும் பொருள் வளம் உடையோரே. புதரிற் புகுந்து பன்றியை எழுப்பிய ஊர் மக்களுக்குக் கூலி உண்டு, வெற்றியிற் பங்கில்லை. ஒரு வட்டத்திற்குள் நேர்மையாய் இருத்தல் வேறு. வட்டத்தையே நேர்மையாக வரைதல் வேறு.

வட்டத்தை அகல வரைந்ததற்குத் தமிழ்நாட்டில் ஏறு தழுவுதல் ஒரு சான்று. முல்லைக்கலி காலந்தொட்டு அறியப்படும் இவ்விளையாட்டு, 2014இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் தடையுற்று, 2017இல் தமிழ்நாடு அரசு இயற்றிய திருத்தச் சட்டத்தால் மீண்டு, 2023 மே 18 அன்று அரசியலமைப்பு அமர்வின் தீர்ப்பால் உறுதி பெற்றது. முன்பதிவு, மருத்துவச் சோதனை, சுற்று முறை, இரட்டைத் தடுப்பு, திமிலை மட்டுமே பற்றல் என்னும் விதிகள் வீரனையும் காளையையும் ஒருங்கே கருதுவன. வீரர் பிடித்தால் வீரர்க்குப் பரிசு. பிடிபடாவிடில் காளைக்குப் பரிசு. இரு திறத்தார்க்கும் பங்கு வைத்தமையின் மாடு வளர்ப்போரும் ஆர்வத்தொடு வருகின்றனர்.

கடலூர் மாவட்டத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. திருமுட்டத்தில் திருமால் பன்றி வடிவினராகிய பூவராகப் பெருமாளாக எழுந்தருளியுள்ளார். மாசி மகத்தன்று அவர் கடலாடச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு எழுந்தருளும்போது, அங்குள்ள தைக்காலில் இசுலாமியப் பெருமக்கள் மரியாதை செய்து வரவேற்கின்றனர். வேட்டைக்கும் இவ்விழாவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும், ஒவ்வொரு திறத்தார்க்கும் உரிய இடத்தையும் செயலையும் முன்னரே வகுத்து வைக்கின், வேறுபட்ட மக்கள் ஆண்டுதோறும் தாமே வந்து கூடுவர் என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டுவதில்லை. ஊர் புன்செய்யில் அழிக்கும் விலங்கின் வடிவையே ஊர் கோயிலில் வணங்குகின்றது என்பதும் கருதத்தக்கது. அவ்விலங்கினை வேரோடு ஒழிக்க வேண்டும் என்னும் விதி இம்மண்ணில் எளிதில் ஒப்புக் கொள்ளப்படாது.

5. இற்றை நிலை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கின்றது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் காட்டுப்பன்றி அதன் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. ஆயினும் உயிருக்கோ பயிருக்கோ கேடு விளையுமாயின், 11ஆம் பிரிவின்படி உரிய அலுவலர் எழுத்து வாயிலாக வேட்டைக்கு ஒப்புதல் தரலாம். 62ஆம் பிரிவின்படி நடுவணரசு குறித்த இடத்திற்கும் காலத்திற்கும் ஒரு விலங்கைத் தீங்குயிர் என அறிவிக்கலாம்; 2016இல் உத்தரகண்டப் பகுதிகள் சிலவற்றில் காட்டுப்பன்றி அங்ஙனம் அறிவிக்கப்பட்டது.

கேரள அரசு 2022இல் வேறு வழியை மேற்கொண்டது. ஒப்புதல் தரும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்க்கு வழங்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கி உடையோரைக் கொண்டு சுடலாம். நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்துதல் ஆகாது. உடலை முறைப்படி அழித்துவிடல் வேண்டும். முடிவெடுக்கும் உரிமை உழவனுக்கு அண்மையில் வந்தது இதன் சிறப்பு. ஆயினும் சுடுபவர்க்கு ஊனிற் பங்கில்லை. எனவே அவர் உழைப்பிற்கும் தோட்டாச் செலவிற்கும் ஊதியம் வகுக்க வேண்டியதாயிற்று. ஊனைப் பங்கிட ஒப்புவதும் எளிதன்று. காட்டு விலங்கின் ஊனுக்கு விலை ஏற்படின், பயிர்க்காவல் என்னும் பெயரால் களவு வேட்டை பெருகும். பழைய வேட்டையிற் பங்கு ஊனாக இருந்தது. இன்று அது ஊதியமாகவோ இழப்பீடாகவோ முடிவிற் கலக்கும் உரிமையாகவோ மாற வேண்டியுள்ளது.

தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிவித்த முறை நிலத்தை மூன்றாகப் பகுக்கின்றது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடித்தலும் சுடுதலும் இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல் வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். விலங்கிற்கு உரிய இடம், இரு திறத்தார்க்கும் பொதுவான இடம், உழவர்க்கு உரிய இடம் என எல்லை வகுத்தது நடுவுநிலை சான்ற பாகுபாடே. ஆனால் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவனே மிகுந்த கேட்டினை அடைபவன். அவனுக்கே இம்முறையிற் சுடுதல் என்னும் தீர்வு இல்லை. எனவே இழப்பீடும் வேலியும் அவனுக்கே முதலிற் சென்று சேர்தல் வேண்டும்.

இவ்வாறு சேராவிடின் நேர்வது யாது? எல்லை வயலில் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி வேலி இடப்படும். அது பன்றியை மட்டும் தேர்ந்து கொல்லாது. இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் பக்கத்து நிலத்தானும், சில வேளைகளில் வேலியிட்டவனும் அதற்கு இரையாகின்றனர். பழத்தினுள் வெடி வைக்கும் கொடிய முறையும் அத்தகையதே. 2020 மே மாதத்தில் கேரளத்தில் வெடியுண்டு வாய் சிதைந்த கருவுற்ற யானை ஒன்று ஆற்று நீரில் நின்றவாறே உயிர் விட்டதை நாடறியும். கருவுற்றதை வருத்தலாகாது என்று சேக்கிழார் காட்டிய வேட்டுவர் கண்ணாற் கண்டு விலக்கினர்; வெடிக்கும் மின்கம்பிக்கும் கண் இல்லை. இவற்றை விலக்குதலே எவ்விதிக்கும் முதற்படி.

முடிபு

மேற்கூறியவற்றால் அறியக் கிடப்பவை இவை. ஒன்று, எதனைக் கொல்லலாம் என்னும் விதி நோக்கத்தொடு பொருந்துதல் வேண்டும். இனத்தைக் காக்கும் இடத்தில் பெண்ணையும் குருளையையும் விலக்குதல் முறை. அயல்நாட்டிற் போல் குறைக்க வேண்டிய இடத்தில் எடைக்குப் பரிசு வைத்தல் முறையன்று. இரண்டு, உரிமையை அறுதியிடும் சான்று யாவரும் கண்ணாற் காணத்தக்கதாய் எளிதாக அமைதல் வேண்டும். மூன்று, சுடுபவன் ஒருவனை மட்டும் கருதாது, எழுப்புபவன், காவல் காப்பவன், பயிர் இழந்தவன் ஆகிய அனைவர்க்கும் ஒரு பங்கு வகுத்தல் வேண்டும்.

இவற்றுள் மூன்றாவதே நம் நாட்டில் இன்று பெரிதும் குறைந்துள்ளது. விருத்தாசலத்திற்கு அப்பால் காட்டோரத்தில் மணிலாக் கொல்லைக்குப் பரண் கட்டி விழித்திருக்கும் உழவன், பன்றி வந்த செய்தியைத் துறைக்கு உரைப்பதா, கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவதா என்று ஒவ்வோர் இரவும் முடிவு செய்கின்றான். செய்தி உரைத்தால் தன் இழப்பு எழுதப்படும், ஈடு கிடைக்கும், தன் சொல்லும் கேட்கப்படும் என்னும் நம்பிக்கை அவனுக்குப் பிறக்குமாயின், அவன் விதியின் பக்கம் நிற்பான். அந்நம்பிக்கையே அவனுக்குரிய பங்கு என்று யாம் கருதுகின்றோம்.